முதற் பட்டா – 5: உழுத நிலத்தில் புல் விதைத்தவர்கள்

சென்ற வாரம் டானியல் ஃப்ரீமனை நெப்ராஸ்காவில் பிரௌன்வில் ஊரின் நில அலுவலக வாசலில் விட்டுவிட்டு வந்தோம். 1863-ஆம் ஆண்டு பிறந்து சில நிமிஷங்களே ஆகியிருந்த அந்த நள்ளிரவில், புத்தாண்டுக் களியாட்டத்தில் கலந்திருந்த ஒரு குமாஸ்தாவை நயந்து பேசி அழைத்து வந்து, பூட்டிய கதவைத் திறக்கச் செய்து, ஆபிரகாம் லிங்கன் ஏழு மாதங்களுக்கு முன் கையெழுத்திட்டிருந்த ஹோம்ஸ்டெட் சட்டம் அமலுக்கு வந்த முதல் நாழிகையிலேயே, தேசத்தின் முதல் நில விண்ணப்பத்தை அவர் பதிவு செய்துகொண்டார் என்பது கதை.

கதை என்றுதான் சொல்ல வேண்டும். விடிந்தால் ராணுவ வேலைக்குத் திரும்பியாக வேண்டிய அவசரம், இரங்கிய குமாஸ்தா, மெழுகுவர்த்தி வெளிச்சம் ஆகிய இவையெல்லாம் சொல்லச் சொல்ல மெருகேறும் வகையைச் சேர்ந்தவை. டகோட்டாப் பிரதேசத்தில் மாலன் கோர் என்பவரும் அதே இரவில் தாமே முந்தியவர் என்று உரிமை கொண்டாடியதுண்டு. அந்த ஒரே நாளில் தேசமெங்கும் 418 விண்ணப்பங்கள் பதிவாயின. ஆயினும் வாஷிங்டன் நில இலாகாவின் பேரேட்டில், முதல் தொகுதியின் முதல் பக்கத்தில் இருப்பது ஃப்ரீமனின் பெயர். வாய்மொழிக்கும் பேரேட்டுக்கும் வழக்கு வந்தால் பேரேடு ஜெயிப்பதுதான் உலக வழக்கம்.

சட்டத்தின் நிபந்தனைகளை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இருபத்தொரு வயது நிரம்பியவரோ ஒரு குடும்பத்தின் தலைமை வகிப்பவரோ, ஐக்கிய நாட்டுக்கு எதிராக ஆயுதம் ஏந்தாதவராக இருப்பின், 160 ஏக்கர் கேட்டுப் பெறலாம். நம் பழைய கணக்கில் அது சுமார் 120 காணி. கட்டணங்கள் யாவும் சேர்த்து 18 டாலர். ஆனால் அந்த நிலத்தில் ஐந்து வருஷம் குடியிருந்து, வீடு கட்டி, உழுது பயிரிட்டு, இரண்டு சாட்சிகளைக் கொண்டு அதை ருசுப்படுத்தினால்தான் பட்டா.

அந்த ருசுவிலிருந்து இந்த வாரத்துக் கதை தொடங்குகிறது.

நானூறு பீச் மரங்கள்

1868-ஆம் ஆண்டு ஜனவரி மாதம், அயலார் இருவர் பிரமாணம் செய்து கொடுத்த வாக்குமூலம் ஒன்று இன்றும் பத்திரமாக இருக்கிறது. சர்க்கார் தஸ்தாவேஜுகளில் படிக்கச் சுவையானவை மிகச் சில. இது அவற்றில் ஒன்று.

ஃப்ரீமன் கட்டிய வீடு 14 அடிக்கு 20 அடி, பாதி மரக்கட்டை, பாதி பலகை, ஒரே நிலை, இரண்டு கதவு, இரண்டு சன்னல், மரச்சில்லு வேய்ந்த கூரை, பலகைத் தளம், வசிக்கச் சௌகரியமான வீடு என்று சாட்சிகள் அபிப்பிராயமும் கூறுகிறார்கள். உழுது, வேலியிட்டுப் பயிர் செய்தது சுமார் 35 ஏக்கர். பிறகு ஒரு லாயம், 100 அடி நீளமுள்ள ஆட்டுக்கொட்டில், மக்காச்சோளக் குதிர், 40 ஆப்பிள் மரம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏறக்குறைய 400 பீச் மரக்கன்றுகள்.

அந்த நானூறில்தான் மனிதன் தெரிகிறான். ஒரு குடும்பம் தின்று தீர்க்க நானூறு பீச் மரம் வேண்டியதில்லை. சந்தை பக்கத்தில் இல்லை. ரயிலும் அப்போது எட்டவில்லை. மருத்துவத் தொழிலும் கற்றிருந்த, நாற்பது வயதைக் கடந்துவிட்ட ஒருவர், மரமே இல்லாத வெளியில் நானூறு பழ மரக்கன்றுகளை வரிசை பிடித்து நட்டார் என்றால், அவர் ஐந்து வருஷத்துக்குப் பட்டா வாங்க வந்தவராகத் தோன்றவில்லை. பேரன் பேத்திகளுக்கு நிழல் தேடி வந்தவராகத்தான் தோன்றுகிறது. இடையில் 1865 பிப்ரவரியில் அவர் அயோவாவுக்குச் சென்று ஆக்னஸ் சூட்டரை மணந்து அழைத்து வந்திருந்தார். ஆக்னஸ் முன்னர் டானியலின் சகோதரர் ஜேம்ஸுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தவர். உள்நாட்டு யுத்தம் ஜேம்ஸைக் கொண்டுபோனபின், கடிதங்களின் மூலமாகவே டானியல் பெண் கேட்டார் என்பதை மூன்றாம் அத்தியாயத்தில் விரிவாகப் பார்த்தோம்.

1869 செப்டம்பர் முதல் தேதியிட்டுப் பட்டா வந்தது.

இங்கே சற்று நின்று ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஐந்து வருஷத்துப் பிரயாசையில் ஏர் பட்டது 35 ஏக்கர். கப் க்ரீக் என்னும் ஓடையும் அதன் கரை மரங்களும் போக, மற்றதெல்லாம் அப்போதும் புல். சட்டம் விவசாயியிடம் கேட்டது 'அபிவிருத்தி'. அந்தச் சொல்லுக்கு அந்த வெளியில் இருந்த அர்த்தம் ஒன்றே: புல் இருந்த இடத்தில் புல் இருக்கக் கூடாது. ஃப்ரீமன் எவ்வளவு புல்லை அழித்தார் என்பதற்குத்தான் இரண்டு சாட்சிகளும் சத்தியம் செய்தார்கள்.

இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எழுபது வருஷத்துக்குப் பிறகு இதே நிலத்தில் இது திரும்பி வரப்போகிறது.

பூமிக்குள் ஒரு காடு

அந்தப் புல் நம் வரப்போரத்து அறுகம்புல்லைப் போன்றதன்று. 'பிக் புளூஸ்டெம்' என்று அவ்வூரார் சொல்லும் நெடும்புல் கோடை முற்றும்போது ஆள் உயரத்தையும் கடந்து வளரும். கதிர் மூன்றாகப் பிரிந்து வான்கோழியின் பாதம்போல் இருப்பதால் 'வான்கோழிக்கால்' என்றும் அதற்குப் பெயர். மேலே தெரிவதைவிடக் கீழே இருப்பதே அதிகம். வேர்கள் பத்தடி ஆழம்வரை இறங்கி, ஒன்றோடொன்று பின்னி, மண்ணைக் கம்பளம் நெய்ததுபோல் கட்டிப் பிடித்திருக்கும். கிழக்கு மாகாணங்களிலிருந்து வந்தவர்களின் வார்ப்பிரும்பு ஏர் இந்த மண்ணில் நாலடி போவதற்குள் பிசின்போல் மண் அப்பி நின்றுவிடும். இலினாயில் கொல்லுப்பட்டறை வைத்திருந்த ஜான் டியர் 1837-இல் வழவழப்பான எஃகு முகம் வைத்த கலப்பை ஒன்றைச் செய்த பிறகுதான் புல்வெளியை உழுவது சாத்தியமாயிற்று.

உழுது பெயர்த்த புற்கட்டியைச் செங்கல்போல் வெட்டி அடுக்கி வீடு கட்டிக்கொண்டவர்கள் உண்டு. அந்தக் கட்டிக்கு 'நெப்ராஸ்கா சலவைக்கல்' என்று வேடிக்கையாகப் பெயர் வைத்திருந்தார்கள். மழை பெய்தால் அந்தச் சலவைக்கல் கூரையிலிருந்து சோற்றுத் தட்டில் ஒழுகும். ஓடைக்கரை மரம் கிடைத்ததால் ஃப்ரீமன் குடும்பத்துக்கு அந்த அவஸ்தை இல்லை.

மரம் குறைவான நாட்டில் வேலிக்கு என்ன செய்வது? முள்கம்பியை கிளிடன் என்பவர் பேடன்ட் செய்தது 1874-இல்தான். அதற்கு முந்திய வேலி உயிர்வேலியே. 'ஓஸேஜ் ஆரஞ்சு' என்ற முள்மரக் கன்றுகளை நெருக்கமாக நட்டு, வளைத்து, வெட்டி வளர்ப்பார்கள். பெயரில் ஆரஞ்சு இருந்தாலும் பழம் வாயில் வைக்க உதவாது. குதிரை தாண்டாத உயரமும், காளை முறிக்காத வலுவும், பன்றி நுழையாத நெருக்கமும் உள்ள வேலி என்று விவசாயிகள் அதைச் சிலாகிப்பார்கள். ஃப்ரீமன் தமது நிலத்தின் தென் எல்லையில் அத்தகைய வேலியொன்றை நட்டார். அதன் கதையும் பின்னால் வருகிறது.

நிலத்தை உழ உழ வானம் மனமிரங்கி மழையை அதிகப்படுத்தும் என்றொரு நம்பிக்கையும் அக்காலத்தில் பரவியிருந்தது. பாமரர் மட்டும் நம்பியிருந்தால் மன்னிக்கலாம். நெப்ராஸ்காப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஸாமுவேல் ஆகே என்பவரே இதற்குச் சாஸ்திர ஆதாரம் கற்பித்தார். மழை சற்றுத் தாராளமாகப் பெய்த சில வருஷங்களைக் கண்டு செய்த அனுமானம் அது. வானம் அந்தப் பேராசிரியரைக் கேட்டுக்கொண்டு பெய்யவில்லை என்பது பின்னால் தெரிந்தது.

பேரேட்டின் பூஜ்யப் பக்கம்

ஃப்ரீமன் முதல் பக்கத்தில் இருக்கிறார். அதற்கு முந்திய பக்கம் ஒன்று எழுதப்படவே இல்லை.

நெப்ராஸ்கா என்ற பெயரே ஓட்டோ மக்களின் சொல். 'தட்டையான நீர்' என்று பொருள், ப்ளாட் நதியைக் குறிப்பது. ஓட்டோ, மிஸூரியா என்ற இரு குலத்தாரும் 1854-இல் வாஷிங்டனில் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், பிக் புளூ நதிக்கரையில் ஒரு துண்டு நிலத்தைத் தங்களுக்கென்று வைத்துக்கொண்டு மற்றதை விட்டுக்கொடுத்தார்கள். அந்தத் துண்டு ஃப்ரீமன் நிலத்துக்குத் தெற்கே அதிகத் தொலைவில் இல்லை. அவர் பீச் மரம் நட்ட நாட்களில் அவர்கள் அங்கேதான் இருந்தார்கள். 1881-இல் அதையும் இழந்து, இன்றைய ஓக்லஹோமாவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

இலவச நிலம் என்ற சொல்லை இந்தத் தொடரில் பலமுறை எழுதிவிட்டேன். இலவசம் என்பது யாருக்கு என்ற கேள்வியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அதைப் படிக்க வேண்டும்.

புழுதி வாஷிங்டனுக்குப் போனது

டானியல் ஃப்ரீமன் 1908 டிசம்பர் 30-ஆம் தேதி காலமானார். ஆக்னஸ் 1931 வரை ஜீவித்திருந்தார். இருவரையும் அந்த நிலத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

ஆக்னஸ் கண் மூடிய காலத்தில் வானம் பொய்க்கத் தொடங்கியிருந்தது. 1930-களின் வறட்சியில், தெற்குச் சமவெளிகளில் ஏர் புரட்டிப்போட்ட மண், பிடித்து நிறுத்த வேர் இல்லாமல், காற்றோடு எழுந்து கிளம்பிற்று. நெப்ராஸ்காவின் தென்கிழக்கு மூலையில், ஃப்ரீமனின் நிலம் இருக்கும் பியாட்ரிஸ் வட்டாரம் அந்தப் புழுதிப் பிரளயத்தின் மையமன்று. ஆனால் 1934, 1936 ஆகிய இரு கோடைகளும் அங்கேயும் கதிரைக் கருக்கின. 1935 வசந்த காலத்தில், மண் காப்பு நிபுணர் ஹ்யூ பென்னெட், காங்கிரஸ் குழுவின் முன் சாட்சியம் சொல்லிக்கொண்டிருக்கையில், மேற்கிலிருந்து புழுதிப் படலம் தலைநகரை நோக்கி வருவதை அறிந்து, அது வந்து சேரும்வரை பேச்சை நீட்டிக்கொண்டே போனாராம். சன்னலுக்கு வெளியே வானம் செம்புழுதி நிறமாகியது. எந்த வக்கீலுக்கும் இப்படியொரு சாட்சி வாய்த்ததில்லை. ஏப்ரல் மாத முடிவிற்குள் மண் காப்புச் சட்டம் நிறைவேறிற்று.

இதற்கு மறுவருஷம், 1936 மார்ச் 19-ஆம் தேதி, ஜனாதிபதி ரூஸ்வெல்ட் இன்னொரு சிறிய சட்டத்தில் கையெழுத்திட்டார். நெப்ராஸ்காவின் செனட்டர் ஜார்ஜ் நாரிஸ் முன்னின்று கொண்டுவந்த அந்தச் சட்டம், ஃப்ரீமனின் 160 ஏக்கரைத் தேசிய நினைவிடமாக்கிற்று. ஹோம்ஸ்டெட் சட்டத்தால் காலப்போக்கில் 16 லட்சம் பேர் பட்டா பெற்றார்கள். கைமாறிய நிலம் 27 கோடி ஏக்கர், தேசத்தின் மொத்த நிலத்தில் பத்தில் ஒரு பங்கு. நெப்ராஸ்காவில் மட்டும் நூற்றுக்கு 45 பங்கு. இத்தனைக்கும் ஞாபகார்த்தமாக ஒரே ஒரு பட்டா நிலத்தைக் காப்பது நியாயமென்று தோன்றிற்று.

18 டாலர் கட்டணத்துக்குக் கொடுத்த நிலத்தைச் சர்க்கார் 1938-இல் விலை கொடுத்துத் திரும்ப வாங்கியது.

வாங்கிய பிறகுதான் சங்கடம் ஆரம்பமாயிற்று.

எதைக் காப்பது?

நினைவிடம் என்றால் காட்டுவதற்கு ஏதாவது இருக்க வேண்டும். ஆனால் அங்கே பதினாலடிக்கு இருபதடி வீடு இல்லை. ஃப்ரீமன் குடும்பத்தார் கட்டிய எந்தக் கட்டடமும் நிற்கவில்லை. நூறடி ஆட்டுக்கொட்டில் போன இடம் தெரியவில்லை. நானூறு பீச் மரங்களும் இல்லை. மிஞ்சியவை இரண்டு கல்லறைகள், ஓடை, தென் எல்லை முள்வேலி, எழுபது வருஷம் உழுது களைத்த மண். மழைநீர் அந்த மண்ணை அரித்துக்கொண்டு போயிற்று.

அப்போது நிலத்தைப் பொறுப்பேற்ற சர்க்கார் அதிகாரிகள் முன் இருந்த வழிகள் என்னென்ன என்று யோசித்தால், எளிதான வழி கண்ணில் படாமல் போகாது. வாக்குமூலத்தில் அளவுகள் அப்படியே இருக்கின்றன. கதவு எத்தனை, சன்னல் எத்தனை என்றும் எழுதியிருக்கிறது. அதே அளவில் ஒரு போலி வீட்டைக் கட்டி, மக்காச்சோளம் விதைத்து, ஒரு ஜோடி எருதையும் நிறுத்தியிருந்தால் வருகிறவர்கள் திருப்தியோடு திரும்பிப்போயிருப்பார்கள். நம் ஊர்களிலும், பிற ஊர்களிலும், 'பாதுகாப்பு' என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

1939-இல் அவர்கள் செய்தது வேறு. அந்த நிலத்தில் நாட்டுப் புல்லை விதைத்தார்கள்.

இதன் விசித்திரத்தை உணர அந்தக் காட்சியை நிதானமாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். எந்த வயலில் ஒரு மனிதர் புல்லை ஒழித்ததற்காக முதற் பட்டா பெற்றாரோ, அந்த வயலில், அவருடைய கீர்த்தியைப் போற்றுவதற்காகவே சம்பளம் வாங்கும் சர்க்கார் ஊழியர்கள், அவர் ஒழித்த அதே புல்லை விதைக்கிறார்கள். அவருடைய கல்லறைக்கு எதிரிலேயே விதைக்கிறார்கள். சாட்சிகள் சத்தியம் செய்து ருசுப்படுத்திய 'அபிவிருத்தி' இப்போது ஏக்கர் ஏக்கராகத் திரும்பப் பெறப்படுகிறது.

காரணம் ஒன்றன்று. அரிப்பை நிறுத்த வேண்டியிருந்தது; அதற்கு இந்த வேர்களைவிடக் கைகண்ட மருந்து கிடையாது என்பதைப் புழுதி வருஷங்கள் கற்பித்திருந்தன. குடியேறி வந்தவன் வண்டியிலிருந்து இறங்கியபோது எதிரே என்ன கண்டான் என்பதை வருகிறவர்களுக்குக் காட்டவும் விரும்பினார்கள். அவன் பட்ட பாட்டுக்கு, அவன் எதிர்த்து நின்ற புல்லைவிட நல்ல சாட்சி வேறில்லை என்பது என் அபிப்பிராயம். போலி வீடு பாட்டைக் காட்டாது. ஆளுயரப் புல்லுக்குள் பத்தடி நடந்து பார்த்தவனுக்கு விளக்கம் தேவையில்லை.

இத்தகைய முயற்சிக்கு முன்மாதிரி அநேகமாக இல்லை. விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்து மரத்தோட்டத்தில் சில வருஷங்களுக்கு முன்புதான் இதேபோன்ற சோதனை தொடங்கியிருந்தது. அதற்கு அடுத்த பழமை ஃப்ரீமன் நிலத்துப் புல்லுக்கே. இன்று சுமார் 100 ஏக்கரில் அது நிற்கிறது.

விதைத்ததோடு காரியம் முடிந்துவிடவில்லை. நெருப்பில்லாமல் இந்தப் புல்வெளி நிலைக்காது. தீ வைக்காவிட்டால் புதரும் மரமும் மெல்ல உள்ளே நுழைந்து புல்லை மூடிவிடும். முன்காலத்தில் மின்னலும், அந்த மண்ணின் பூர்வ குடிகளும் அந்தத் தீயை வைத்தார்கள். குடியேறிய விவசாயிக்கோ புல்வெளித் தீயைவிடக் கொடிய சத்துரு கிடையாது. தொடுவானத்தில் புகை கண்டால் வீட்டைச் சுற்றிச் சால் உழுதுவிட்டு, நனைத்த சாக்கோடு காத்து நிற்பான். பிற்காலத்தில் அதே நிலத்தில் ஊழியர்கள் காற்றும் ஈரமும் பார்த்து நாள் குறித்துத் தாமே கொளுத்தும் நிலை வந்தது.

அப்படியானால் தென் எல்லை வேலி? ஓஸேஜ் ஆரஞ்சு முள்மரம் அந்தப் புல்வெளிக்கு உரியதன்று. புல்லின் பக்கம் நின்று பார்த்தால் அது பகை. ஆனால் ஃப்ரீமன் கையால் நட்டு இன்றும் உயிரோடிருப்பது அது ஒன்றே. புல்லைக் காப்பதானால் வேலியை வெட்ட வேண்டும். ஃப்ரீமனைக் காப்பதானால் வெட்டக் கூடாது. வெட்டவில்லை. ஒரே நிலத்தில் 1863-க்கு முந்திய நாட்டையும் அதை மாற்றியவரின் கைவேலையையும் அருகருகே நிறுத்தி, இரண்டையும் காப்பதாகச் சொல்லிக்கொள்கிறார்கள். தர்க்கத்துக்கு ஒவ்வாத ஏற்பாடு. ஆனால் மரத்தை வெட்டியிருந்தால் நான் மன்னித்திருக்க மாட்டேன்.

இரவல் வீடும் சொந்தப் பள்ளியும்

வீடில்லாக் குறை மட்டும் ஊராரை உறுத்திக்கொண்டிருந்தது. 1867-இல் ஜார்ஜ் பால்மர் என்ற வேறொரு குடியேறி அதே மாவட்டத்தில் கட்டிய, 14 அடிக்கு 16 அடி அளவுள்ள மரக்கட்டை வீட்டை, 1950-இல் இங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஃப்ரீமனின் வீடு அதைவிட நாலடிதான் நீளம். பார்க்கிறவர்களில் பலர் அதையே ஃப்ரீமனின் வீடென்று எண்ணிக்கொண்டு போகிறார்களோ என்னவோ.

இரவலாக வராதது ஒன்று உண்டு. சற்று மேற்கே, சாலையோரத்தில், செங்கல்லால் கட்டிய ஓரறைப் பள்ளிக்கூடம். 1872-இல் எழுந்தது, 1967 வரை அதில் பாடம் நடந்தது, நெப்ராஸ்காவில் அத்தனை நீண்ட காலம் இடைவிடாமல் நடந்த ஓரறைப் பள்ளி வேறில்லை. 1970-இல் காங்கிரஸ் அதையும் நினைவிடத்தோடு சேர்த்தது. அதன் பெயர் ஃப்ரீமன் பள்ளி. டானியலின் பெயரா, செங்கல் அறுத்துக் கொடுத்ததாகச் சொல்லப்படும் தாமஸ் ஃப்ரீமன் என்ற, உறவில்லாத அயலாரின் பெயரா என்பதில் இன்றுவரை இரு கட்சி உண்டு.

இருக்கட்டும். அந்தப் பள்ளியைக் காத்ததற்குக் காரணம் அதன் செங்கல் மட்டுமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில், வகுப்பில் ஆசிரியை வேதாகமம் வாசித்து ஜபமும் கீர்த்தனமும் நடத்துவதை டானியல் ஃப்ரீமன் ஆட்சேபித்தார். பள்ளிக் குழு கேட்கவில்லை. எழுபது வயதைக் கடந்த கிழவர், தம் அயலாரையே எதிர்த்து வழக்குத் தொடுத்து, மாநிலத்தின் உச்ச நீதிமன்றப் படிவரை ஏறினார்.

நள்ளிரவில் ஒரு குமாஸ்தாவை நயந்து பேசியே காரியம் சாதித்ததாகப் பெயர் வாங்கிய மனிதர், தள்ளாத வயதில் ஊரோடு ஏன் பகைத்துக்கொண்டார்? 1902-இல் நீதிபதிகள் அவரிடம் என்ன சொல்லி அனுப்பினார்கள்?

(தொடரும்)